சொல்லிவிட்டு ஏறிய மலை

ஆட்டு வாடை வந்ததும் உன் ஞாபகம் வந்தது என்று சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். ஆனால் நடந்தது அதுதான். நேற்று மாலை வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தபோது பள்ளிவாசல் வேலியோரம் ஆடுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நனைந்த ரோமம், புழுக்கை, மிதிபட்ட புல் எல்லாம் கலந்த வாடை சாலை வரைக்கும் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய மாலையில் இந்த வழியாக வரும்போது நீ முக்காட்டு முனையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். குர்பானி கொடுக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஆட்டு வாடை ஆகாதா என்று நான் கேட்பேன். கறியான பிறகு அது வாடை இல்லை, வாசம் என்பாய். நேற்று வேலியருகே கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று பெருநாள். எனக்கும் விடுமுறை. உனக்கு ஒரு மடல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நமக்குள் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஒன்றே ஒன்று மட்டும் தெரியாது. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் பழையதைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். நீ குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் இல்லை. இப்போதாவது கேள்.

விடிவதற்கு வெகு முன்னால் நம் வேன் புறப்படும். எல்லைக் கடல்மேல் போட்ட செகண்ட் லிங்க் பாலத்தைத் தாண்டும்போதும் இருட்டாகவே இருக்கும். அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நமக்குப் பராமரிப்பு வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. போய்ச் சேர்ந்ததும் நீ சலவை விரிப்புகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் நுழைந்து சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகையை முடிப்பாய். சூப்பர்வைசர் வந்துவிடாமல் நான் வாசலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன். கதவுக்கு உள்ளே உன் தொழுகை, வெளியே என் ஜெபம். இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதானா என்று அப்போது நான் யோசித்ததில்லை. கோத்தா திங்கியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த உன் கணவர் இறந்த பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்த நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு நான் இருக்கும் கெலாங் பாத்தாவுக்கு வந்தவள் நீ. உனக்கு உலகத்தில் இருந்தது அந்த மகள் ஒருத்திதான்.

கடவுளைப் பற்றி நாம் பேசத் தொடங்கியது உன் பிரியாணியால். இல்லத்தில் ஒரு யூதப் பெரியவர் இருந்தார். பாக்தாத்திலிருந்து வணிகத்துக்கு வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில். நம் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே யூதர் அவர்தான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டால், அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிட்டதென்று, விளக்கு சுவிட்சைத் தொட மாட்டார். போடச் சொல்லி நம்மிடம் கேட்கவும் மாட்டார். அறை இருட்டாக இருக்கிறதே என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அது யாருக்கான செய்தி என்று முதலில் புரிந்துகொண்டு விளக்கைப் போட்டவள் நீதான். பன்றி தொடாதவர், இறைவன் ஒருவனே என்பவர், ஆகவே அவர் நம்ம ஆள் என்று உனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

ஒரு பெருநாளுக்கு மறுநாள் அவருக்கென்று ஆட்டு பிரியாணி கொண்டுவந்து, பக்கத்திலேயே தயிர்ப் பச்சடியும் ஊற்றி முன்னால் வைத்தாய். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். மேசையில் வைத்துவிட்டார். நீ ஸ்பூனை எடுத்துக் கொடுத்தும் தொடவில்லை. இறைச்சியையும் பாலில் வந்ததையும் ஒன்றாகச் சேர்த்து உண்பது தங்களுக்கு விலக்கப்பட்டது என்றும், ஆட்டை அறுக்கும் முறையும் தங்களுக்கு வேறு என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். உன் முகம் சுருங்கிப்போயிற்று. வேனில் திரும்பி வரும்போது, இமிகிரேஷனில் இறங்கி ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"அவருக்கும் எனக்கும் ஒரே ஆண்டவன்தானே. எனக்குத் தயிர் ஊத்திக்கன்னு விட்டவன், அவருக்கு ஊத்தாதேன்னு ஏன் லா சொல்லணும்?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான். ஆனால் அந்த வயது வரை கடவுளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. சாமியார் சொல்வார், நான் ஆமென் சொல்வேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினேன். ஆபிரகாம் வீட்டுக் கதை கண்ணில் பட்டது. வெயில் நேரத்தில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆபிரகாமிடம் மூன்று விருந்தாளிகள் வருகிறார்கள். வந்திருப்பது ஆண்டவரே என்றுதான் அந்தப் பக்கம் தொடங்குகிறது. அவர் ஓடிப்போய்த் தயிரும் பாலும் கன்றுக்கறியும் கொண்டுவந்து வைக்கிறார். அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தயிரும் கறியும் ஒரே இலையில்.

மறுநாள் இதைப் பெரியவரிடம் கொண்டுபோய் வைத்தேன். உனக்காக வழக்கு நடத்தப் போகிற வக்கீல் போலத்தான் போனேன். அவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சட்டம் மோசே காலத்தில் வந்தது, ஆபிரகாம் அதற்கு முந்தியவர் என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, உண்மையைச் சொன்னால் எங்கள் பழைய அறிஞர்களுக்கும் அந்த இடம் சங்கடமாகத்தான் இருந்தது, அந்த விருந்தாளிகள் சாப்பிடுவது போல் பாவனைதான் செய்தார்கள் என்று எழுதி வைத்துவிட்டார்கள் என்றார். நீ உடனே புகுந்தாய். உங்கள் குர்ஆனில் அந்த விருந்தாளிகள் உணவின் பக்கம் கையையே நீட்டவில்லை. அவர்கள் வானவர்கள். அதைப் பார்த்துத்தான் இப்ராஹீம் நபி பயந்துபோனார் என்று சொன்னாய். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வீடு, ஒரே விருந்து. ஒன்றில் சாப்பிட்டார்கள், ஒன்றில் சாப்பிட்டதுபோல் காட்டினார்கள், ஒன்றில் தொடவே இல்லை.

அதிலிருந்து நமக்கு வேனில் தூக்கம் போயிற்று. நான் வாசித்துக்கொண்டு வருவேன், நீ மறுப்பாய். என் வேதத்தின் முதல் பக்கங்களில் கடவுள் மாலைக் காற்றில் தோட்டத்தில் உலாவுகிறார். நோவாவின் பேழைக் கதவைத் தாமே அடைக்கிறார். போகப்போக மலைமேல் நெருப்புக்கும் புகைக்கும் பின்னால் போய்விடுகிறார். அப்புறம் எருசலேமில் ஒரு வீட்டில் இருக்கிறார், வருடத்தில் ஒரு நாள் ஒரே ஒரு குரு மட்டும் உள்ளே போகலாம். அந்த வீடும் எரிந்து போகிறது. வீடு எரிந்து, வேற்று நாட்டுக்கு எங்கள் ஜனங்கள் இழுத்துச் செல்லப்பட்ட பிறகுதான், இவருக்கு வீடு தேவையில்லை, அந்நிய ஊர் ஆற்றங்கரையிலும் கூப்பிடலாம் என்று கண்டுகொண்டோம் என்றார் பெரியவர். எல்லாவற்றையும் தொலைத்த பிறகுதான் எங்கள் கடவுள் உலகத்துக்கெல்லாம் கடவுளானார் என்றும் ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களும் தொலைத்தவர்கள்தான் என்று நான் சொன்னேன். நம்பின ஒருவரைக் கண்ணெதிரே சிலுவையில் பறிகொடுத்தவர்கள். அந்தத் துக்கத்திலிருந்துதான், கடவுளே வந்து நம்மோடு பட்டினி கிடந்தார், அழுதார், செத்தார் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் பிறந்தது. உயிர்த்தெழுந்த பிறகும் கரையோரம் மீன் சுட்டுத் தம் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர் எங்கள் ஆண்டவர் என்றேன். நீ தலையை ஆட்டி மறுத்தாய். எங்கள் ஆண்டவர் உங்களுக்கு ஈசா நபி; அவரும் அவர் தாயும் சோறு தின்றவர்கள் என்பதையே உங்கள் வேதம் அவர்கள் மனிதர்கள் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறது என்றாய். "பசிக்கிறவன் எப்படி ஆண்டவனாவான்? ஆண்டவனுக்கு மேசை போட வேணாம். பிடரி நரம்பை விடப் பக்கத்துல இருக்கான்." அன்று எனக்குக் கோபம் வந்தது. பசிக்காத கடவுளுக்கு என் பசி எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் நீ கடைசி வரை ஒப்புக்கொள்ளாத ஒன்று உண்டு. கடவுள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார் என்று நான் சொல்லும்போதெல்லாம், "அவன் மாறல. பாக்கிறவங்க மாறிக்கிட்டே வராங்க" என்பாய். அந்த ஒரு விஷயத்தில் பெரியவரும் உன் கட்சி.

மகனைப் பலி கொடுக்கப் போன கதைக்கு வந்தது ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில்தான். எங்கள் வேதத்தில் ஆபிரகாம் ஈசாக்கிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. விறகை அவன் முதுகில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகிறார். பையன் வழியில் கேட்கிறான், நெருப்பும் விறகும் இருக்கிறது, ஆடு எங்கே அப்பா என்று. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறார். சின்ன வயதிலிருந்தே அந்த இடம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். உங்களிடம் அப்படி இல்லை என்று நீ பெருமையாகச் சொன்னாய். உங்களிடம் அது இஸ்மாயீல் நபி. தகப்பன் மகனை உட்கார வைத்து, நான் இப்படிக் கனவு கண்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார். உங்களுக்கு இடப்பட்டதைச் செய்யுங்கள் வாப்பா, நான் பொறுத்துக்கொள்வேன் என்கிறான் மகன். மகனுடைய சம்மதம் இல்லாமல் உங்கள் நபி மலை ஏறவில்லை. இதைச் சொல்லும்போது உன் குரலில் இருந்த கர்வத்தை நான் மறக்கவே மாட்டேன்.

பெரியவரிடம் கேட்டோம். எழுத்தில் ஈசாக்குக்குத் தெரியாது என்றுதான் இருக்கிறது என்றார். ஆனால் பின்னால் வந்த அறிஞர்களால் அதைத் தாங்க முடியவில்லை. ஈசாக்கு சின்னப் பையன் இல்லை, வளர்ந்த ஆள், அவனுக்குத் தெரிந்துதான் போனான், பயத்தில் நான் அசைந்துவிடப் போகிறேன், இறுக்கிக் கட்டுங்கள் அப்பா என்று அவனே சொன்னான் என்று சொல்லிவைத்தார்கள். எனக்கு அப்போது புரிந்தது. பிள்ளையிடம் சொல்லாமல் கூட்டிப் போகச் சொல்கிற கடவுளோடு யாராலும் வெகுகாலம் குடியிருக்க முடியவில்லை. அந்த அறிஞர்கள் பிள்ளையைப் பேச வைத்தார்கள். உங்களிடம் தகப்பனே பேசிவிட்டார். நாங்கள், அந்தப் பலியைக் கடவுளே தம் மகனைக் கொண்டு கொடுத்தார் என்று நம்பினோம். நீ இதையெல்லாம் கேட்டுவிட்டு, ரொம்ப யோசிக்காதே, தலைவலி வரும் என்றாய்.

பெரியவர் இறந்துபோன மறு வருடம் உனக்கு நோய் வந்தது. கணையத்தில் புற்று என்று டாக்டர் சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னாய். அதுவும் நான் உன் கண்ணின் மஞ்சளைப் பார்த்துத் துளைத்தெடுத்ததால். நஸ்ரின் அப்போது கோலாலம்பூரில் மருந்தியல் கடைசி வருடம். பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தீர்மானமாக இருந்தாய். மாத்திரைகளை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தாய். அப்போது பார்த்து அவள் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வரத் தொடங்கியிருந்தாள். கேன்டீன் சோறு இறங்கவில்லையாம், உம்மா சமையல் வேண்டுமாம் என்று நீ பூரித்துப்போனாய். அவள் வரும் நாளில் உதட்டில் கொஞ்சம் சாயம் பூசிக்கொள்வாய். நிற்க முடியாதபோதும் நின்று மீன் பொரிப்பாய். பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பரீட்சை வரைக்கும் நீ இருப்பாய் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஒரு நாள் வேனில் கேட்டேவிட்டேன். "உங்க இப்ராஹீம் நபி மகன்கிட்ட சொல்லிட்டுத்தானே மலை ஏறினாரு? சொல்லாம கூட்டிட்டுப் போனது எங்க ஆபிரகாம்தான். நீ எப்போ எங்க பக்கம் வந்த?"

அந்த வாரம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. வேனில் முன் இருக்கைக்கு, டிரைவர் அங்கிள் பக்கத்துக்குப் போய்விட்டாய். உன் வேதத்தை எடுத்தே உன்னைக் குத்திவிட்டேன் என்று உனக்குக் கோபம் என்று நினைத்தேன். நான் சொன்னது சரி என்றுதான் எனக்கு அப்போதும் பட்டது, இப்போதும் படுகிறது. திங்கட்கிழமை காலையில் நீ பழையபடி பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"சொல்லிட்டேன். மடியில படுத்து அழுதுச்சு. அப்புறம் எந்திரிச்சு, செய்ய வேண்டியதைச் செய்வோம் உம்மா, நான் பொறுத்துக்குவேன்னுச்சு. அதே பதில் லா. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. நீ வேலையை விட்டாய். மாத்திரைகள் அரிசி வாளியிலிருந்து வெளியே வந்து மேசைமேல் உட்கார்ந்தன. வேளை தவறாமல் அவற்றை எடுத்துக் கொடுக்க நஸ்ரின் இருந்தாள். மீன் பொரிப்பதும் அவள் கைக்குப் போயிற்று. நீ நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பாய். உன்னோடு பொய் எதுவும் இல்லாமல் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்ச காலம் கிடைத்தது.

நீ போன அன்று நான் உன் வீட்டுக் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். வேற்று மதத்துக்காரியான என்னை உன்னைக் குளிப்பாட்டக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரை நாம் இருவரும் சேர்ந்து குளிப்பாட்டியிருக்கிறோம், உன்னை மட்டும் என்னால் தொட முடியவில்லை. பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு நான் கடவுளிடம் கேட்காத கேள்வி இல்லை. நீ நோயில் கிடந்தபோது உனக்காக உபவாசம் இருந்தேன், ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்தேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. கூடாரத்துக்கு வந்து சாப்பிட்டவரிடமும், சிலுவையில் தொங்கியவரிடமும், பிடரி நரம்பை விடப் பக்கத்தில் இருக்கிறவரிடமும் தனித்தனியாகச் சண்டை போட்டேன். அப்புறம் சண்டையும் சலித்துப்போய், ஜெபிப்பதையே விட்டுவிட்டேன். பூசைக்குப் போவேன், மற்றவர்களோடு எழுந்து நிற்பேன், உட்காருவேன். எல்லாம் தெரிந்தவரிடம் நான் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் நஸ்ரின் வந்திருந்தாள். ஜொகூர் பாருவில் மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு உன்னைப் போலவே வாசலில் நின்றாள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உம்மாவைச் சொல்ல வைத்தது நீங்கள்தானே ஆன்ட்டி என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எனக்கு முன்னமே தெரியும் ஆன்ட்டி. ஒரு லீவுக்கு வந்தப்ப அரிசி எடுக்கப் போய் மாத்திரை அட்டையைப் பார்த்துட்டேன். நான் படிக்கிறதே அதுதானே."

அதனால்தான் சனிக்கிழமைதோறும் வந்திருக்கிறாள். சோற்றுக்காக இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் காலைப் பிடித்துவிட்டு, நீ ஏதாவது சொல்லுவாயா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஞாயிறு மாலையில் பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பிப் போயிருக்கிறாள். நீயே கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க. அது வேற ஆன்ட்டி. அவங்களா வாய் தொறந்து என்கிட்ட சொல்றது வேற. அதுக்குத்தான் காத்திருந்தேன்."

நீ சொன்ன அன்று, புதிதாகக் கேட்பவளைப் போல உன் மடியில் விழுந்து அழுதிருக்கிறாள். அழுகை பொய் இல்லை என்றாள். நீ சொல்லிவிட்டாய் என்ற நிம்மதியில் வந்த அழுகையாம். இதுதான் உனக்குத் தெரியாத அந்த ஒன்று. உன் மகளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். பெரியவர் சொன்ன ஈசாக்கு போல, தெரிந்துகொண்டுதான் உன் கூடவே நடந்து வந்திருக்கிறாள். இதைக் கேட்டு நீ கலங்க வேண்டாம். நீ சொன்னதால்தான் அவள் உன்னோடு பேச முடிந்தது.

அவள் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குள் கடவுள் இன்னொரு முறை மாறிப்போனார். நீ இருந்தால் மாறவில்லை, நீதான் வேறு மாதிரி பார்க்கிறாய் என்பாய். இருக்கட்டும். எனக்குத் தெரிந்த மூன்று வேதத்திலும் நான் கவனிக்காமல் விட்ட ஒருவர் அவர். எல்லாம் தெரிந்தும், நம் வாயால் நாமே சொல்லட்டும் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறவர். கேள்வி கேட்டு நம்மைச் சங்கடப்படுத்தாதவர். அவர் மௌனமாக இருக்கிறார் என்றுதானே நான் இத்தனை நாளும் கோபித்துக்கொண்டிருந்தேன்.

அன்று வெகு நாளைக்குப் பிறகு முழங்காலிட்டேன். எதையும் கேட்கவில்லை. நியாயமும் பேசவில்லை. நீ போய்விட்டாய் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். நீ போன பிறகு அத்தனை சண்டை போட்டும் அதை ஒரு தடவைகூட நான் அவரிடம் சொன்னதில்லை.